சௌரிராஜன் எண்ணிய வேற்றுலகங்கள்

வில்லாபுரம் சௌரிராஜன் கல்லூரியில் இயற்பியல் நடத்திய காலத்தில் கடைசி பெஞ்சு மட்டுமல்ல, முதல் பெஞ்சும் தூங்கும். ஓய்வு பெற்ற பிறகுதான் அவருக்கு யோகம் அடித்தது. வேற்றுலகவாசிகளைப் பிடித்துக்கொண்டார்.

நம் பால்வீதியில் நம்மோடு பேசக்கூடிய நாகரிகங்கள் எத்தனை இருக்கும் என்று மதிப்பிட ஒரு கணக்கு உண்டு. ஆண்டுக்கு எத்தனை நட்சத்திரங்கள் பிறக்கின்றன, எத்தனைக்குக் கோள்கள் இருக்கின்றன, எத்தனை கோள்களில் உயிர் முளைக்கும், அதில் எத்தனைக்கு அறிவு வரும், அறிவு வந்தவர்கள் எவ்வளவு காலம் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பார்கள் என்று வரிசையாகப் பெருக்க வேண்டும். முதலிரண்டுக்கு வானியலாளர்களிடம் ஓரளவு விடை இருக்கிறது. மற்றதெல்லாம் ஊகம். ஊகத்தில் யாராலும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது என்பது பிடிபட்ட அன்றே சௌரிராஜன் பேச்சாளராகிவிட்டார்.

போன ஆடியில் மதுரை ரிங் ரோடு பக்கம் பொறியியல் கல்லூரி நடத்தும் பாலமுரளி அழைத்தார். விண்வெளிப் படிப்பு ஒன்றைப் புதிதாகத் தொடங்கியிருந்தார், சேரத்தான் ஆளில்லை.

“சார், பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை வரணும். நம்பரு கொஞ்சம் பெருசா இருக்கட்டும்.”

“எம்புட்டு வேணும்?” என்று கேட்டார் சௌரிராஜன், துணிக்கடைக்காரர் போல.

மேடையில் உயிரைத் தாராளமாக முளைக்கவிட்டார். அறிவையும் அள்ளித் தெளித்தார். பதினைந்தாயிரம் நாகரிகங்கள் வந்தன. அரங்கம் அதிர்ந்தது. சால்வை விழுந்தது.

அடுத்த வாரம் வண்டியூர் தெப்பக்குளத்தருகே ஓர் ஆன்மிக மன்றம். மனிதப் பிறவியின் அருமை என்பது தலைப்பு. அங்கே பதினைந்தாயிரம் செல்லுபடியாகாது. வேனில் போகும்போதே உயிர் முளைப்பதைக் கஞ்சத்தனமாக்கினார். அறிவு வருவதை அதைவிடச் சுருக்கினார். “விடை ஒன்று! அது நாம்தான்!” என்று முடித்தபோது முன்வரிசைப் பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இன்னொரு சால்வை.

அப்போது அம்மாவோடு வந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். பாலமுரளி கல்லூரியில் படிக்கும் இந்துப்ரியா.

“சார், போன வாரம் எங்க காலேஜ்ல பதினஞ்சாயிரம்னு சொன்னீங்க. மிச்சம் பதினாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதும் ஒரே வாரத்துல எங்க சார் போச்சு?”

சௌரிராஜன் மைக்கைச் சரிசெய்தார். தெரியாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. உண்மையும் அதுதான். ஆனால் தெரியாது என்கிறவனுக்கு எந்த ஊரில் சால்வை போர்த்துகிறார்கள்?

“அது பார்வையைப் பொறுத்ததும்மா” என்றார்.

பின்வரிசையில் கெக்கலித்தார்கள். யாரோ எடுத்த வீடியோ அன்று மாலைக்குள் மதுரையைச் சுற்றி வந்துவிட்டது. சௌரிராஜன் போனை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். மனைவி கனகலட்சுமி, பெருக்கத் தெரிந்தவருக்கு வாயை மூடத் தெரியவில்லையே என்று முணுமுணுத்தபடி காபி வைத்துவிட்டுப் போனாள்.

மானம் போயிற்று, இனி கூப்பிடமாட்டார்கள் என்றே நம்பினார். அங்கேதான் ஊரைத் தப்பாக எடைபோட்டுவிட்டார். போனைத் திறந்ததும் உள்ளூர் டிவியிலிருந்து பவதாரிணி என்றொரு பெண் பேசினாள்.

“சார், ஏலியன் இருக்கா இல்லையான்னு விவாதம் வச்சிருக்கோம். நீங்க எந்தப் பக்கம் பேசுவீங்க?”

சௌரிராஜன் எழுந்து உட்கார்ந்தார். “எந்தப் பக்கம் ஆள் குறையுது?”

ரெண்டு பக்கமும் பேசத் தெரிந்த ஒரே ஆள் என்று கடைசியில் அவரையே நடுவராக்கினார்கள். இப்போது மாவட்டத்துக் கோடியிலிருக்கும் எழுமலை வரைக்கும் கூப்பிடுகிறார்கள். பாலமுரளியின் விண்வெளிப் படிப்பிலும் இடம் நிரம்பிவிட்டது.

இந்துப்ரியாவைத்தான் முதல்வர் அறைக்கு அழைத்து, கல்லூரிப் பெயரைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். பாலமுரளியே இதைப் பெருமையாகச் சொன்னார்.

சௌரிராஜனுக்குச் சுருக்கென்றது. கேட்டது நியாயமான கேள்விதானே என்று சொல்ல வாயெடுத்தார்.

“அடுத்த வாரம் பட்டமளிப்பு விழா, நீங்கதான் சிறப்பு விருந்தினர். வந்துருவீங்கல்ல சார்?” என்றார் பாலமுரளி.

“வாரேன்” என்றார்.