தேவதையின் பத்து நாள்

எட்டிப் பிடிக்கும் தூரத்தில் வந்த ஒன்றை இன்னொருவன் பக்கம் தள்ளிவிடுகிறவனை என்னவென்று சொல்வது? நல்லவன் என்றால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும். புரோகோப்பை அறிந்தவர்கள் அப்படி முடித்துவிடவில்லை.

தென் பொஹீமியாவில் ஒரு பிரபுவின் ஏழு மீன் ஏரிகளில் ஒன்றுக்கு அவன் காவல்காரன். ஏழுக்கும் தலைமைக் காவலராக இருந்தவர் இறந்து ஒரு வருடம். அந்த வேலைமேல் புரோகோப்புக்குக் கண் என்பது ஊரறிந்தது.

அந்தக் கோடையில் இங்கிலாந்துப் பண்டிதர் தார்ன்லி கோட்டைக்கு வந்து சேர்ந்தார். கிராக்கோவிலும் பிராகாவிலும் பெரிய மனிதர்கள் அவரை வரவேற்று, பிறகு வழியனுப்பியிருந்தார்கள். கூடவே மனைவி, இருமிக்கொண்டிருந்த மூன்று குழந்தைகள், பதினாறு பெட்டிப் புத்தகங்கள், உற்றுப் பார்த்தால் தேவதை தோன்றிப் பேசும் என்று அவர் நம்பிய ஒரு பளபளக்கும் கறுப்புக் கல். மீன் பிடிக்க ஏரியை என்றைக்கு வடிக்கலாம் என்று பிரபு கேட்டார். இலையுதிர்காலத்தில் வரும் புனித ஹாவெல் திருநாளில் என்றது தேவதை. வருடா வருடம் அன்றுதான் வடிப்பார்கள். பிரபு வியந்துபோனார்.

திருநாளுக்கு முதல்நாள் பண்டிதர் கரைக்கு வந்து, தேவதை சொன்ன நாள் நாளைக்கு இல்லை, அதற்கும் பத்து நாள் கழித்துத்தான், பிரபுவிடமும் சொல்லியாயிற்று என்றார். இரண்டு வருடம் முன்பு பேரரசர் நாட்காட்டியிலிருந்து பத்து நாளை வெட்டியிருந்தார். இங்கிலாந்தில் யாரும் வெட்டவில்லை; அங்கே அதே திருநாள் பத்து நாள் தள்ளித்தான் வரும்.

"உங்க தேவதை எந்தக் கணக்கு பாக்குது, ஐயா?"

"என் நாட்டுக் கணக்குதான்."

"எது சரியான கணக்கு?"

பண்டிதர் பொய் சொல்லத் தெரியாதவர். "சூரியனை வச்சுப் பாத்தா உங்க கணக்குதான் சரி. நானே போட்டுப் பாத்திருக்கேன்."

"வானத்துலயே குடியிருக்கிற தேவதைக்கு அது தெரியாதா?"

"காத்திரு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார் பண்டிதர்.

ஐந்து நாளாக விடாத மழை. கரையின் அடியில் நீர் கசிந்தது. கீழே இருபது வீடுகள். மறுநாள், திருநாளன்று காலையில், புரோகோப் மதகைத் திறந்தான்.

"பெரிய வேலை கிடக்கட்டும், இருக்கிற வேலையும் போகப்போகுது," என்றாள் மனைவி வோர்ஷிலா.

"தண்ணி வீட்டுக்குள்ள வந்தா மட்டும் வேலை நிக்குமா?"

நான்காம் நாள் மேலே வேறொருவருடைய ஏரி உடைந்தது. வந்த வெள்ளத்தைக் காலி ஏரி வாங்கிக்கொண்டது. பிரபு பண்டிதரையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

"யாரைக் கேட்டுத் திறந்த? நீயாத் திறந்திருந்தா ஏழு ஏரியும் இனி உன் பொறுப்பு. அப்போ தேவதை சொன்னது தப்பு, பண்டிதர் நாளைக்கே மூட்டை கட்டணும்."

"நான் காத்திருக்கத்தான் சொன்னேன்," என்றார் பண்டிதர்.

புரோகோப் கைச் சேற்றை வழித்தான். "முதல்ல அப்படித்தான் சொன்னாரு, பிரபுவே. சாயங்காலம் மறுபடி கல்லைப் பாத்துட்டு, காலையிலயே திறன்னு சொல்லியனுப்பினாரு."

பண்டிதர் புரோகோப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, பிரபுவுக்குத் தலைவணங்கினார். குளிர்காலம் முழுக்கக் கோட்டையில் அவருக்கு விறகும் ரொட்டியும் கிடைத்தன. தலைமை வேலை மூன்றாம் ஏரியின் காவல்காரன் காஷ்பாருக்குப் போனது.

"அந்தக் கல்லை நீ நம்புறியா?" என்று கேட்டாள் வோர்ஷிலா.

"இல்ல."

"பின்ன ஏன் அப்படிச் சொன்ன?"

"அந்தப் பிள்ளைங்களுக்கு இருமல் நின்னுடுச்சாம்," என்று சொல்லிக்கொண்டே புரோகோப் மதகைப் பார்க்கக் கிளம்பினான்.