வாசம் இல்லாத பெயின்ட்

மட்டாஞ்சேரியில் பெயின்ட் அடிப்பவனுக்கு முதல் எதிரி உப்பு. காயல் ஈரம் சுவருக்குள் இறங்கி, ஒரு மழை போனதும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். இருபது வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். எந்தக் கம்பெனி வாளி எத்தனை மழை தாங்கும் என்று திறந்து கலக்கும்போதே சொல்லிவிடுவேன்.

இரண்டு கம்பெனி வாளிகளைத்தான் அதிகம் எடுப்பேன். ஒன்று கெட்டியானது. இரண்டு கோட்டிங்கில் பழைய கறையை மூடிவிடும். ஆனால் ஒரு வாரம் நெடி அடிக்கும், கண் எரியும். மற்றது வாசமே தெரியாதது. நீர்த்திருக்கும். மூன்று கோட்டிங் அடித்தாலும் கறை லேசாகத் தெரியும்.

பஜாருக்குப் பின்னால் ஒரு வீடு. அரிசிக் கிடங்கில் எடை போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவர் மனைவி, இரண்டு பேர்தான். என்னைப் போல இங்கே பிழைக்க வந்த தமிழ்க்காரர்கள். அந்த அம்மாவுக்குப் பல வருடமாக மூச்சிரைப்பு.

"வாசமில்லாததை மட்டும் அடி, கேட்டியா. அவளுக்கு ஸ்வாசம் முட்டும்" என்றார் அவர்.

"சரி அண்ணா" என்றேன்.

படுக்கையறையில் மூன்று கோட்டிங் அடித்தும் உப்புக் கறை எட்டிப் பார்த்தது. மழை கறுத்துக்கொண்டு வந்தது. மறுநாள் காக்கநாட்டில் ஒரு ஃபிளாட் வேலை தொடங்க வேண்டும். இன்னொரு வீட்டில் மிஞ்சிய கெட்டி பெயின்ட் அரை வாளி என்னிடம் இருந்தது. இரண்டும் ஒரே வெள்ளை. யாருக்கும் தெரியாது என்று அதை அடித்துவிட்டேன்.

அந்த அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, இன்னைக்கு மணம் வேற மாதிரி இருக்கே?"

"சுவர்ல பூசின பட்டியோட மணம் அக்கா. நாளைக்குப் போயிடும்."

அவர் தலையாட்டினார். நம்பிவிட்டார்.

மூன்றாம் நாள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பத்து நாளுக்கு மேல் இருந்தார். வீட்டுக்குத் திரும்பவில்லை. சளி கட்டிவிட்டது, நுரையீரல் ஏற்கெனவே தேய்ந்துபோனது என்று டாக்டர்கள் சொன்னார்களாம். பெயின்ட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சாவு வீட்டில் கூட்டத்தோடு நின்றுவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் போய் அந்த அம்மாவின் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை.

"எனக்கும் அன்னைக்கே மணம் தெரிஞ்சுது. சாரல் அடிக்குதுன்னு படுக்கையறை ஜன்னலை அடைச்சதும் நான்தான். திறந்து வைங்கன்னு அவ ரெண்டு தரம் சொன்னா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைத் தூக்கித் தடுத்தார்.

"போதும். இனி இங்கே வராதே."

டாக்டர்கள் சொன்னதுதான் உண்மையோ, என் அரை வாளிதான் உண்மையோ, தெரியவில்லை. எப்போதாவது பஜாரில் அவர் எதிரே வந்தால், என்னைக் கண்டதும் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். அவர் போய் மறையும்வரை நான் நின்றுகொள்வேன்.