பெட்டி டெல்மரிடம், சாவி ஆர்டிஸிடம்

மொன்டானாவில் எங்கள் கோல்டர் க்ரீக் ஊர் முழுக்க ஒரே பேச்சு. பள்ளிக்கூடத்துச் சமையல்காரி ஆர்டிஸ், தம்பி லைலின் துப்பாக்கிகள் ஐந்தையும் பிடுங்கி ஆற்றில் போட்டுவிட்டாளாம். நானும் நாலு பேரிடம் சொன்னேன். மூன்று என்று காதில் விழுந்ததை ஐந்தாக்கியதே நான்தான். டயர் கடைக்காரனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு? ஆனால் நடந்தது வேறு.

ஆர்டிஸுக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. யாராவது சுட வந்தால் எப்படி ஒளிவது என்று பள்ளியில் பழக்குவார்கள். அன்று அவளும் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு மாவு மூட்டைக்குப் பின்னால் உட்கார வேண்டும். ஒருமுறை அப்படி உட்கார்ந்து எழுந்தவள், மறுநாள் 'துப்பாக்கி விற்காதே' என்று எழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு டெல்மரின் துப்பாக்கிக் கடை வாசலில் போய் நின்றாள். டெல்மர் கதவில் ஒரு பலகை மாட்டினான்: 'நாய் வரலாம், ஆர்டிஸ் வரக் கூடாது.' ஆறு வருஷமாகத் தொங்குகிறது.

அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் உள்ளே போனாள்.

"போர்டைப் படிக்கலையா?"

"படிச்சேன். லைல் நாயைக் குடுத்துட்டான், டெல்மர்."

டெல்மர் கைத்துணியைக் கீழே வைத்தான். "வேட்டை நாயையா? யாருக்கு?"

"தபால்காரிக்கு. சும்மா. இனிமே எனக்கு எதுக்குன்னு சொன்னானாம். பொண்டாட்டி செத்ததுலேர்ந்தே ஒரு மாதிரிதான் இருக்கான். நேத்து போன் பண்ணேன். 'நல்லா இரு, அக்கா'ன்னு சொல்லி வெச்சுட்டான்."

"சனிக்கிழமை வேட்டை ஆரம்பம். வருஷா வருஷம் தோட்டா வாங்க மொத ஆளா வந்து நிப்பான். இந்த வருஷம் ஆளையே காணோம்." டெல்மர் குரல் இறங்கியது. "வேலையா இருப்பான்னு நெனச்சேன். வா, வண்டியில ஏறு."

பன்னிரண்டு மைல். மேடு ஏறியதும் லைலின் வீடு தெரிந்தது. அந்தக் குளிரில் புகைபோக்கியில் புகை இல்லை.

"டெல்மர், புகை வரல."

"பாத்தேன்." ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தான்.

கதவைத் தட்டினார்கள். சத்தமில்லை. மறுபடி தட்டினார்கள். ஆர்டிஸ் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாளாம். அப்புறம் உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது.

லைல் வந்து நின்றான். தாடி, வீட்டுக்குள்ளேயும் கோட்டு. "நீங்க ரெண்டு பேரும் ஒரே வண்டியிலயா? உலகம் அழியப் போகுதா?"

யாரும் சிரிக்கவில்லை.

"டேய், செத்துடலாம்னு நெனக்கிறியா?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

அவன் தரையையே பார்த்தான். "அப்பப்போ."

"துப்பாக்கிங்களக் குடுத்துடுடா. எனக்குப் பயமா இருக்கு."

"இதுக்குத்தான இத்தன வருஷமா காத்துக்கிட்டிருந்த? உங்கிட்ட குடுத்தா ஆத்துல போட்டுடுவ, அக்கா." டெல்மரிடம் திரும்பினான். "உங்கிட்ட குடுத்தா, நான் மொறச்சுக் கேட்டதும் திருப்பிக் குடுத்துடுவ."

"குடுத்துடுவேன்," என்றான் டெல்மர். "உன் பொருளாச்சே."

கடைசியில் லைலே வழி சொன்னான்: "அப்ப துப்பாக்கிங்கள வெச்சுப் பூட்டின பெட்டி உங்கிட்ட, சாவி அக்காகிட்ட. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாதான் தெறக்கணும். நீங்க எங்க ஒத்துக்கப் போறீங்க!"

பெட்டியையும் அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனார்கள். வழியில் ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஆர்டிஸ் வாந்தி எடுத்தாள். அதுவரை அடக்கி வைத்த பயம். அவள் கைப்பிடியில் குனிந்து நின்றதை யாரோ பார்த்ததுதான் ஆற்றுக் கதை.

இதையெல்லாம் டெல்மர் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு, சரிபார்க்கப் பள்ளிச் சமையலறைக்குப் போனேன். ஊரில் என்ன பேச்சு என்றும் அவளிடம் சொன்னேன். கரண்டியோடு திரும்பினாள்.

"அஞ்சுன்னு எந்தக் கழுத சொன்னான்? மூணு. பிடுங்கல, கேட்டேன், குடுத்தான். ஆத்துல ஒண்ணும் போடல, டெல்மர் கடையில பூட்டிக் கெடக்கு. பயம் போயிடுச்சான்னு கேக்காத, போகல. தெனம் காலையில போன் பண்றேன், அவன் எடுக்கற வரைக்கும் அடுப்பு பத்த வெக்கறதில்ல."