எஸ்தர் வைத்த தாழ்வான சன்னல்

கடலூர் நீதிமன்ற வாசலில் ஒரு தீர்ப்புக்காகக் காத்திருந்தபோது மஸ்கட்டிலிருந்து செல்வம் கூப்பிட்டார். "சார், எஸ்தர் மேடம் தவறிட்டாங்களாம். ஒங்களுக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். சிதம்பரத்தில் நடந்த சாவு மஸ்கட் போய்த்தான் எனக்கு வந்தது. தீர்ப்பு வந்ததும் பத்திரிகைக்குச் செய்தி எழுதி அனுப்பினேன். மறுநாள் படித்துப் பார்த்தேன், ஒரு பிழையும் இல்லை. அழுகை இன்னும் வரவில்லை.

வீடுகளை வடிவமைத்தவர் எஸ்தர். தன் நோயைப் பற்றி அவர் பேசியதில்லை, நானும் எழுதப்போவதில்லை. அவர் கட்டிய ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

செல்வம் கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்தில் பிறந்தவர். சுனாமியில் அவருடைய அம்மா போய்விட்டார். அன்று அப்பா தணிகாசலம் ஆழ்கடலில் இருந்ததால் பிழைத்தார். சில ஆண்டுகள் கழித்து, வீடு இருந்த மனையிலேயே செல்வம் புது வீடு கட்ட நினைத்தார். நவீனமான வீடு, ஆனால் கடல் பக்கம் ஓர் ஓட்டைகூட இருக்கக் கூடாது. முன்னால் உள்ள மணல்மேட்டை வெட்டிச் சுவர் எழுப்ப வேண்டும். அப்படியொரு வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். கரையிலிருந்து தள்ளி அரசாங்கம் கொடுத்த வீட்டிலேயே தனியாகக் கிடந்தார்.

எஸ்தர் அவரைப் பார்க்கப் போனபோது, பத்திரிகையில் எழுதலாம் என்று நானும் உடன் போனேன். டேப்பை அவர் வெளியே எடுக்கவே இல்லை. "அளவெல்லாம் அப்புறம். நீங்க எங்க, எப்படி ஒக்காருவீங்கன்னு காட்டுங்க" என்றார். பெரியவர் தரையில் காலை நீட்டி, வலை பின்னுகிறவர் போல உட்கார்ந்தார். எஸ்தரும் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தார்.

"எனக்கும் கடலு மேல கோவந்தான் இன்ஜினியரம்மா. அதுக்காக மூஞ்சியப் பாக்காம இருக்க முடியுமா?" என்றார் தணிகாசலம்.

திரும்பும் வழியில் எஸ்தர், செல்வம் சொன்னதும் நியாயம் என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

அவர் போட்ட வரைபடத்தில் மணல்மேடு அப்படியே இருந்தது. அதன்மேல் படர்ந்த அடம்பங்கொடியையும் தொடக் கூடாது என்றார். மேட்டைவிடச் சற்று உயரமாக வீட்டைத் தூண்களில் நிறுத்தினார், தண்ணீர் வந்தால் அடியில் போய்விடும். கடல் பக்கச் சுவரில் தரையை ஒட்டி நீளமாக ஒரு சன்னல் வைத்தார். அதன் மேல்விளிம்பு இடுப்புக்கும் கீழே இருந்தது. நின்றால் மணலும் கொடியும் தெரியும். தரையில் உட்கார்ந்தால்தான் கடல்.

மேஸ்திரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இது பெரியவரு பாக்கறதுக்கா மேடம், நாய் பூந்து வர்றதுக்கா?"

"நாயும் கடல் பாத்துட்டுப் போவட்டும் மேஸ்திரி. நீங்க மட்டத்த சரியா வைங்க."

செல்வம் அரைமனதோடு ஒத்துக்கொண்டார். அப்பா குடிவந்தார். மகன் விடுப்பில் வரும்போதெல்லாம் நாற்காலியில் சன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவார் என்று பெரியவர் என்னிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை.

சென்ற ஆண்டின் கடைசியில் வந்த புயலில் சன்னல் கதவுகள் பிய்த்துக்கொண்டு போயின. வீட்டுக்குள் மணல். மேடு பாதி கரைந்திருந்தாலும் வீடு நின்றது. செல்வம் ஊருக்கு வந்து, சன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடச் சொல்லி எஸ்தருக்குப் போன் செய்தார். எஸ்தர் சிகிச்சையில் இருந்தார், இருந்தும் சிதம்பரத்திலிருந்து காரில் வந்தார். சேதத்தைப் பார்க்கப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன்.

"அடைச்சிடலாம் தம்பி. மேஸ்திரிகிட்ட நானே சொல்றேன். அதுக்கு மின்ன ஒருவாட்டி அப்பா பக்கத்துல ஒக்காருங்க" என்றார் எஸ்தர்.

மணல் கிடந்த தரையில் செல்வம் உட்கார்ந்தார். கடல் கலங்கலாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர், "அம்மா எந்தப் பக்கம்ப்பா கெடச்சாங்க?" என்று கேட்டார். இத்தனை ஆண்டுகளில் அதை அவர் கேட்டதில்லை. பெரியவர் கையை நீட்டிக் காட்டினார்.

செங்கல் வரவில்லை. தச்சர் வந்து புதுக் கதவு போட்டார்.

காரில் ஏறும்போது எஸ்தரிடம், ஜெயித்துவிட்டீர்கள் என்றேன். "ஜெயிக்க என்ன சார் இருக்கு? அவரு பயம் போவல. பயத்தோட ஒக்கார ஒரு எடம், அவ்வளவுதான்" என்றார்.

எஸ்தரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த வாக்கியம்தான். சிதம்பரத்தில் அவருடைய துக்க வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றேன், பிறகு தரையில் உட்கார்ந்தேன்.