பெட்டிக்கடை எண்

சென்ற வாரம் எங்கள் தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. அக்கம்பக்கத்தார் ‘கரண்ட் போச்சு’ என்று வாசலுக்கு வந்தார்கள். நான் மட்டும் ஐம்பது வயதுத் தொப்பையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடி, எந்தத் திசையில் புகை என்று பார்த்தேன். மனைவி பார்த்த பார்வையை விடுங்கள். சிவகாசிப் பக்கம் விடுதியில் தங்கிப் படித்தபோது பிடித்த வியாதி அது.

சின்னக் கல்லூரி. விடுதியில் பாதிப் பேருக்கு வீட்டில் யாராவது ஒருவர் பயராபீஸில் வேலை. பட்டாசு ஆலைக்கு அங்கே அதுதான் பெயர். நானோ காரியாபட்டி விவசாயி வீட்டுப் பையன். எனக்குத் தெரிந்த பெரிய சத்தம் கிணற்று மோட்டார். ஒரு சனிக்கிழமை மதியம் சன்னல் அதிர வெடிச்சத்தம் கேட்டதும் மற்றவர்கள் மாடிக்கு ஓடினார்கள். நான் கட்டிலுக்கு அடியில் போனேன். காணாமல் போன என் சோப்பு டப்பா அங்கேதான் கிடைத்தது.

அறைத் தோழன் மாரிச்சாமி மாடியிலிருந்து இறங்கி வந்து என் காலைப் பிடித்து இழுத்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“நாரணாபுரம் பக்கம் புகைலே. அம்மா அங்கதான் வேலைக்குப் போயிருக்கா. வந்து போன் போட்டுக் குடு.”

“உன் வீட்டுக்கு நீயே போடேன்லே.”

“இங்கன எவனும் அவன் வீட்டுக்கு அவனே போட மாட்டான். நீ வெளியூர்க்காரன். உனக்குத்தான் வாய் காரியாபட்டி வரைக்கும் நீளுமே.”

விடுதிக்கு ஒரே போன், வார்டன் அறையில். எங்களுக்கு முன்னால் ஆறு பேர். ஒருவன் வீட்டுக்கு இன்னொருவன் எண்ணைச் சுற்றிக்கொண்டிருந்தான். மாரிச்சாமி வீட்டில் போன் கிடையாது. அவன் தெருப் பெட்டிக்கடை எண்ணைச் சொன்னான். “இருங்க, பாத்துட்டு வாரேன்” என்று கடைக்காரர் ரிசீவரை வைத்துவிட்டுப் போனார். ஓடும் கால்கள், ஒரு பெண்ணின் அழுகை, யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் என் காதுக்குள் விழுந்தன. மாரிச்சாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வார்டன் குரலில் பேசி விடுதியைச் சிரிக்க வைக்கிறவன் நான். அன்று ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“அலோ, யாரு? ஏலே மாரியா? பேசுலே.”

அவன் அம்மாதான். மாரிச்சாமியிடம் நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்து தொலைத்தது. அதைப் பார்த்து மாரிச்சாமி சுவரோடு சரிந்து, “அம்மா!” என்று கத்தினான்.

அது அங்கே கேட்டிருக்க வேண்டும். “நான் நல்லாத்தான்லே இருக்கேன்! வெடிச்சது பக்கத்துக் கம்பெனில. செருப்பை விட்டுட்டு ஓடியாந்தேன்!” அவள் போட்ட சத்தம் ரிசீவரைத் தாண்டி வரிசை முழுக்கக் கேட்டது. பிறகு, தணிந்த குரலில்: “கூட யாரு, கூட்டாளியா? சாப்பிட்டீகளா?”

பின்னால் நின்றவன் எண் எழுதிய உள்ளங்கையை நீட்டினான். அவனுக்கும் நான்தான் போட்டேன். அதன்பின் மூன்று வருடமும் அதுவே என் உத்தியோகம். எல்லா வீட்டிலிருந்தும் பதில் அப்படி வந்துவிடவில்லை.

டிரான்ஸ்பார்மர் புகையைப் பார்த்த கையோடு மாரிச்சாமியைக் கூப்பிட்டேன். “என்னலே, கட்டிலுக்கடியில இருந்தா பேசுற?” என்றான். விடுதி இப்போது நோட்டுப் புத்தகக் கிடங்காம். அவன் அம்மா வயதாகிப் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது.

அவன் வைத்த பிறகு, விரலுக்கு இன்னும் மறக்காத அந்தப் பெட்டிக்கடை எண்ணைப் போட்டுப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை என்றது பதிவு செய்த குரல். கடைக்காரர் பார்த்துவிட்டு வரட்டும் என்பதுபோல, கொஞ்ச நேரம் வைக்காமல் காத்திருந்தேன்.