தரவையில் நிற்காத மொறிஸ் மைனர்

1982ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 17ஆம் திகதி, சனிக்கிழமை. எனக்குப் பதினொரு வயது. தீவுக் கிராமமான கரம்பொன்னில், எங்கள் வீட்டில் சனிக்கிழமைக் காலை என்றால் இரும்புகளுக்கு எண்ணெய் பூசும் வேளை. கடற்காற்று ஒரு கிழமை சும்மா விட்ட கத்தியைக்கூடக் கறள் பிடிக்க வைத்துவிடும். ஆகவே ஆறு மணிக்கு முகம் கழுவி, தேத்தண்ணீர் குடித்து, ஆறரைக்குக் குசினி வாசலில் சாக்கு விரித்து உட்காருவேன். அரிவாள், பாக்குவெட்டி, தேங்காய் திருவும் திருவலை, மண்வெட்டி இரண்டு, குழி தோண்டும் அலவாங்கு, கதவுப் பூட்டு நான்கு. எல்லாவற்றுக்கும் சீலைத்துண்டால் தேங்காய் எண்ணெய் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டு, கையில் ஒட்டாதபடி துடைத்து, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். இந்த வேலையில் என்னிடம் ஒருவரும் பிழை பிடித்ததில்லை.

அன்று விறாந்தையில் புதிதாக எட்டு இரும்புகள் கிடந்தன. அவை மாமாவினுடையவை.

மாமா அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார், பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றை வாடகைக்கு ஓடினார். அந்த வருடப்பிறப்பையொட்டி, அன்று பின்னேரம், மாட்டுவண்டிச் சவாரி நடக்கும் தரவையிலேயே கார் ஓட்டப்போட்டியும் வைப்பதாக ஊர்ச் சங்கம் அறிவித்திருந்தது. தரவை என்பது மாரியில் தண்ணீர் நின்று கோடையில் காய்ந்து கிடக்கும் உவர் வெளி. அதன் இரு முனையிலும் ஒவ்வொரு பீப்பா வைப்பார்கள். அவற்றைச் சுற்றி ஐந்து தரம் ஓட வேண்டும். நேரோட்டத்தில் மாமாவின் கார் எடுபடாது. ஆனால் மற்றவர்களைவிடப் பிந்திப் பிறேக் பிடித்து, வழுக்காமல் பீப்பாவைச் சுற்றினால் வெல்லலாம் என்பது அவர் எண்ணம். பழைய மொட்டை ரயரோடும் தேய்ந்த பிறேக்கோடும் அது நடவாது. ஆகவே மாத்தறையில் கடை வைத்திருந்த அப்பாவுக்குக் கடிதம் எழுதி, நான்கு புது ரயரும் எட்டுப் பிறேக் சூவும் எடுப்பித்தார். எல்லாம் முதல்நாள் பின்னேரம்தான் வந்து சேர்ந்தன.

பிறேக் சூ என்பது பிறைபோல வளைந்த இரும்பு. அதன் வெளிப்பக்கத்தில் பழுப்பு நிறப் பட்டி ஒன்று இருக்கும். பிறேக்கை மிதிக்கும்போது அந்தப் பட்டிதான் சில்லுக்குள் இருக்கும் ட்றம்மை உரசிப் பிடித்து நிறுத்துகிறது. அதில் எண்ணெய் படவே கூடாது. இதெல்லாம் நான் பிறகு அறிந்தவை. அன்று எனக்குத் தெரிந்தது, புது இரும்பு ஓர் இரவு முழுக்கக் கடற்காற்றில் கிடந்திருக்கிறது என்பதுதான். எட்டுக்கும் பூசினேன். பழுப்புப் பட்டி எண்ணெயை நன்றாகக் குடித்தது; அதனால் அதற்கு இரண்டாம் தரமும் பூசினேன். துடைத்தேன். எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

ஒன்பது மணிக்கு மண்டைதீவிலிருந்து மெக்கானிக் சைக்கிளில் வந்தார். அவருக்கென்று ஒரு கராஜ் கிடையாது. வீடு வீடாகப் போய்த்தான் வேலை செய்தார். சந்தியில் சங்கத்துக்குச் சொந்தமான வெற்று அறை ஒன்று இருந்தது. மாமாவின் கார் ஒழுங்காக ஓடினால் அதை அவருக்கு விடலாம் என்று தலைவர் சொல்லியிருந்தார். பெட்டியை இறக்கி வைத்ததும் அம்மாவிடம் அதைத்தான் முதலில் சொன்னார்.

"அக்கா, கதவுக்குப் பூச நீலப் பெயின்ற்றும் பாத்து வைச்சிட்டன்."

"முதல்ல இந்தக் காரைப் பூட்டி முடியும்" என்றார் அம்மா சிரித்துக்கொண்டு.

ஒரு மணிக்கு வேலை முடிந்தது. மாமா சந்திவரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். பிறேக் மந்தமாக இருக்கிறது என்றார்.

"புதுச் சூ, அண்ணை. உரசிப் படியவேணும். ரெண்டு மூண்டு நாள் ஓடினால் சரிவரும். இண்டைக்கே போட்டிக்குக் கொண்டுபோறது எனக்கு விருப்பமில்லை."

"அதுக்கு நான் போட்டியைப் பின்னுக்குத் தள்ளி வைக்க ஏலுமே, ஐசே?"

நான்கு மணிக்கு நான்கு கார்கள் ஓடின. முதல் சுற்றில் மாமா மூன்றாவது. இரண்டாவது சுற்றில் இரண்டாவது. புது ரயர்கள் மண்ணைக் கடித்துக்கொண்டு திரும்பியதை நான் கண்ணால் கண்டேன். மூன்றாவது சுற்றில், கிழக்குப் பீப்பாவுக்குக் கிட்ட, முன்சில்லிலிருந்து புகை வந்தது. காரின் வேகம் குறையவுமில்லை, அது திரும்பவுமில்லை. பீப்பாவை இடித்து உருட்டி, சனங்கள் இரு பக்கமும் சிதறி ஓட, நேரே போய்க் கரைச் சேற்றில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது. ஒருவருக்கும் காயமில்லை.

"வழி விடுங்கோ, மைனர் நயினாதீவுக்குப் போகுது!" என்று, கடல் தாண்டிப் போகவேண்டிய தீவின் பேரைச் சொல்லி யாரோ கத்தினார்கள். தரவை முழுவதும் சிரித்தது.

மாமா சிரிக்கவில்லை. கதவைத் திறந்து இறங்கியவருக்கு முழங்கால்வரை சேறு. தலைவர் மெக்கானிக்கைப் பார்த்து, "இதுதானோ உன்ர வேலை?" என்று கேட்டார். மாமாவை மரியாதைக்கு 'அண்ணை' என்றாலும் மாமாவைவிட வயது கூடிய அந்த மனிதரைத் தலைவர் 'நீ' என்றுதான் கதைத்தார். மெக்கானிக் காரைப் பின்னுக்கு இழுப்பித்து, ஜக் வைத்து, முன்சில்லைக் கழற்றி, ட்றம்மையும் கழற்றினார். பட்டியில் விரலை வைத்து மணந்து பார்த்தார்.

"அண்ணை, இது தேங்காய் எண்ணெய். வீட்டில ஆரோ பூசியிருக்கினம்."

"பிறேக்குக்குள்ள ஆரடாப்பா மீன் பொரிச்சது?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எனக்கு முகம் எரிந்தது. எண்ணெய் இரும்பைக் காப்பாற்றும் என்பது எங்கள் தீவில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இந்த ஆள் தன் பிழையை மறைக்க என் வேலையைக் குறை சொல்கிறார்! நான் முன்னுக்குப் போய், "நான் வடிவாத் துடைச்சுத்தான்..." என்று தொடங்கினேன். மாமாவின் கை என் தோளில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தார்.

"எங்கட வீட்டில ஆர் பிறேக்குக்கு எண்ணெய் பூசுறது? உம்மட கையில கிடந்த கிறீஸ்தான் பட்டிருக்கும்."

"பிள்ளை ஏதோ சொல்ல வந்தவ. சொல்ல விடுங்கோ, அண்ணை."

மாமாவின் விரல்கள் இன்னும் இறுகின.

மெக்கானிக் விரலைச் சீலைத்துண்டில் துடைத்தார். "சரி. என்ர கைதான். நாலு பேருக்கு முன்னால சொல்லிப்போட்டியள், அப்பிடியே இருக்கட்டும்." பிறகு குந்தியிருந்து, ட்றம்மைப் போட்டு, சில்லைப் பூட்டி, நான்கு நட்டையும் இறுக்கிவிட்டுத்தான் எழும்பினார். அவர் சைக்கிளில் ஏறிப் போகும்போது தலைவர், அவருக்குக் கேட்கும்படியே, அறையை வேறு ஆருக்காவது குடுப்பம் என்றார்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க நான் அந்த மெக்கானிக்கைத் திட்டினேன். தோளில் விழுந்த கை என்னைப் பாராட்டிய கை என்று நினைத்து, அம்மாவிடம் மூன்று தரம் அதைச் சொன்னேன். அம்மா சட்டென்று எழும்பிக் குசினிக்குள் போனார்.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது. பிள்ளை தெரியாமல் பூசிவிட்டாள் என்று மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர் ஒரு கிழமை சிரித்திருக்கும். என்னைக் கண்டால் எண்ணெய்க்காரி என்று பகிடி பண்ணியிருக்கும். அதனால் எங்களுக்கு என்ன குறைந்துவிடும்? காணி இருந்தது, மாத்தறையில் கடை இருந்தது. அந்த மனிதருக்கு இருந்தது அவருடைய கை ஒன்றுதான். மாமா ஊரின் முன்னால் குற்றம் சொன்னதும் அந்தக் கையைத்தான். அந்த அறை அவருக்குக் கிடைக்கவே இல்லை. அன்று தரவையில் நின்ற அத்தனை பேரிலும் உண்மையைக் கண்டுபிடித்து வாய்திறந்து சொன்னவர் அவர் ஒருவர்தான். அவரைப் பொய்யர் என்று நான் உறுதியாக நம்பினேன். மாமா என்னைக் காப்பாற்றினார் என்று பிற்காலத்தில் உறவினர்கள் சொல்வார்கள். என்னைக் காப்பாற்றும்படி நான் கேட்கவில்லை.

18ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும், தேத்தண்ணீருக்கும் முதல், மாமா போய்த் தெருவாசல் படலையைச் சாத்திச் சங்கிலி போட்டார். பகலில் எங்கள் படலை சாத்தி நான் கண்டதில்லை. பிறகு காரை ஜக்கில் ஏற்றி, சில்லுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எட்டுச் சூவையும் வெளியே எடுத்து, பெற்றோலில் கழுவி, அரத்தாள் போட்டு உரஞ்சத் தொடங்கினார். நான் கிட்டப் போய்க் குந்தினேன்.

"ஏன் மாமா படலையைச் சாத்தினனீங்கள்?"

அவர் நிமிரவில்லை. "காத்துக்குத் தூசு வருகுது, பிள்ளை."

வளவில் ஓர் ஓலைகூட அசையவில்லை. நான் ஓம் என்றேன்.