ஞாயிற்றுக்கிழமை வந்த ரேவதி

பேரிகை கிராமத்தில் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குத் தக்காளி பறித்துத்தான் மாதேஸ்வரியை அவள் பெற்றோர் கண் பரிசோதனைப் படிப்பு படிக்க வைத்தார்கள். கூடப் படித்தவர்களெல்லாம் நல்ல சம்பளம் என்று பெங்களூருக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் மூக்கண்டப்பள்ளியில் டாக்டர் ஜெயப்ரியாவின் சின்னக் கண் மருத்துவமனையில் சேர்ந்தாள். இன்னொரு ஆளுக்கான இடம் அன்றிலிருந்தே காலி. கேட்டு வருகிறவர்கள் பெங்களூர்ச் சம்பளத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

சுற்றியிருக்கும் கம்பெனிகளின் ஆட்களுக்கு ஞாயிறுதான் ஓய்வு. கண்ணைக் காட்ட அன்றுதான் வருவார்கள். அதனால் மாதேஸ்வரிக்கு ஞாயிறு என்பதே இல்லை. கர்ப்பம் ஏழாம் மாதத்தைத் தொட்டபோது, கண் சோதிக்கும் இருட்டறையில் நின்று நின்று கால் வீங்கிச் செருப்பு நுழைய மறுத்தது. லீவு கேட்டாள்.

"வேணாம்னு சொல்லல மாதேஸ்வரி. உன் இடத்துல நிக்க ஆள் எங்க இருக்கு, சொல்லு?" என்றார் டாக்டர். அவர் குரலிலும் அலுப்பு இருந்தது.

அடுத்த ஞாயிறு, கோவிந்தப்பன் என்ற வெல்டருக்குச் சோதனைக் கண்ணாடியில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்தாள். அவர் சட்டென்று எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"நீ குந்தும்மா. நான் நின்னுக்கினே படிக்கறேன்."

அவள் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் நின்றபடியே எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

அன்று மாலை பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கும் கல்லூரித் தோழி ரேவதியிடம் போனில் இதைச் சொன்னாள். எதையும் கேட்கவில்லை, மனசு தாளாமல் சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறு காலை, ரேவதி பையோடு வாசலில் நின்றாள்.

"என்னடி இது, சொல்லாம கொள்ளாம?"

"எனக்கு இன்னிக்கு லீவு. நீ வூட்டுக்குப் போய்ப் படு. நான் பாத்துக்கறேன்."

வாரா வாரம் தன் ஒரே ஓய்வுநாளை விட்டுவிட்டு அவள் பஸ் ஏறி வந்தாள். இதைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஒருநாள் அவளை உட்காரவைத்துக் கேட்டார்: "இங்கயே வந்துடறியா?"

"அங்க ஆளுங்க முகத்தைப் பாக்கக்கூட நேரமில்ல மேடம். வரேன். ஆனா ஞாயிறு ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்தி லீவு வேணும். உக்காந்து பாக்க ஸ்டூல் வேணும். மாதேஸ்வரிக்குப் பிரசவ லீவு சம்பளத்தோட குடுக்கணும்."

டாக்டர் சரியென்று தலையசைத்தார். "இதையெல்லாம் நான் முன்னாடியே செஞ்சிருக்கணும்" என்றார்.

மாதேஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுவாதி என்று பெயர் வைத்தார்கள். லீவு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது ரேவதி அங்கேயே நிலைத்திருந்தாள். தன் வலிக்கு இப்படி ஒருத்தி வந்து தோள் கொடுப்பாள் என்று மாதேஸ்வரி நினைத்ததே இல்லை. நன்றி சொல்ல வாயெடுத்தால் ரேவதி பேச்சை மாற்றிவிடுவாள்.

போன ஞாயிறு மாதேஸ்வரியின் லீவு முறை. பேரிகையில் அம்மா வீட்டில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது ரேவதி அழைத்தாள். அவள் சேலத்துக்காரி, அங்கே வருகிற பலர் பேசும் தெலுங்கு அவளுக்குத் தெரியாது.

"இந்தத் தாத்தாவைக் கீழ பாக்கச் சொல்லணும்டி. நான் சொன்னா மேலயே பாக்கறாரு."

"போனை அவராண்ட காட்டு" என்றாள் மாதேஸ்வரி. பிறகு குழந்தை விழித்துவிடாதபடி மெதுவாகச் சொன்னாள்: "தாத்தா, கிந்திகி சூடண்டி."

அந்தப் பக்கம் ரேவதி சிரித்தாள். "பாத்துட்டாரு. நீ தூங்கு."